அரை மூச்சுத் தாமதம்

எட்டு வருஷமாகக் கிரேன்காரி தன் கம்ப்யூட்டரை மாற்றவில்லை. மாற்றச் சொன்னவர்கள்தான் மாறிக்கொண்டே இருந்தார்கள். முதலில் வீட்டுக்காரர் சொன்னார், சொல்லிச் சொல்லி ஓய்ந்தார். பிறகு கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தம்பி சொன்னான். இப்போது பல் டாக்டர் சொல்கிறார், அதுவும் விதி போட்டுச் சொல்கிறார்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுவது அவள் வேலை. தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கப்பலில் இருக்கும் இரும்புப் பெட்டிகளைத் தூக்கி லாரியில் வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் அவளுக்கு உயரம் விடாது. கை கால் கழுவிக்கொண்டு நேராகக் கூடத்து மூலைக்குப் போய், கம்ப்யூட்டரில் விமானம் ஓட்ட உட்கார்ந்துவிடுவாள். அதை விளையாட்டு என்று யாராவது சொன்னால் கோபம் பொத்துக்கொண்டு வரும். நிஜ விமானத்தில் உள்ள அத்தனை பொத்தானும் இதில் உண்டு, எதிர்க்காற்றும் உண்டு, எரிபொருள் தீர்ந்தால் விழுவதும் உண்டு. இதில் எங்கே ஐயா விளையாட்டு வந்தது?

அவளையும் சேர்த்து இந்தப் பித்துப் பிடித்தவர்கள் இருபத்திரண்டு பேர். ஆளுக்கொரு ஊர். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒன்றாகப் பறப்பார்கள். அந்தக் குழுவுக்குத் தலைவர் பல் டாக்டர். வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடர் பயணம் நடக்கும். ஒரே விமானம், ஆறு கட்டம், ஆறு பேர். ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இதில் ஆறாவது கட்டம்தான் ஆளைக் கொல்லும். மலைகளுக்கு நடுவே ஓர் ஏரி, ஏரிக்கரையில் கைக்குட்டை அகலத்துக்கு ஓர் ஓடுபாதை. மலையைச் சுற்றித் திரும்பினால்தான் அது கண்ணில் படும். பட்ட இருபது விநாடிக்குள் இறக்கியாக வேண்டும்.

ஐந்து வருஷமாக அதை இறக்குவது கிரேன்காரிதான். துறைமுகத்தில் ஒரு நாளைக்கு இருநூறு பெட்டி இறக்குகிறாள், ஒருவரும் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. இங்கே அவள் திரையை இருபத்தொரு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். அது அவளுக்கு வேண்டியிருந்தது. சோறு தண்ணீர் மாதிரி வேண்டியிருந்தது. அதைச் சொல்ல அவள் வெட்கப்பட்டதும் இல்லை.

இந்த வருஷம் பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பல் டாக்டர் அறிவித்தார்: மூன்று வருஷத்துக்கு மேல் பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்குக் கடைசிக் கட்டம் கிடையாது. போன வருஷம் ஒருவருடைய மிஷின் நடுவானில் உறைந்துபோய், எல்லோரும் அரை மணி நேரம் காத்துக் கிடந்ததுதான் காரணம்.

“டாக்டர், உறைஞ்சு நின்னது நாலாவது கட்டம். என்னுது இதுவரைக்கும் நின்னதே இல்ல” என்றாள் கிரேன்காரி.

“உங்களைச் சொல்லலம்மா. பொதுவா ஒரு விதி. மூணு வருஷத்துக்கு ஒருதடவை மாத்திடணும். நான் வருஷா வருஷம் மாத்தறேன்.”

“பல்லையும் அப்படித்தான் பிடுங்குவீங்களா? வலிக்குதான்னு கேக்காம, மூணு வருஷம் ஆச்சான்னு கேட்டு?”

ஹெட்போனில் இருபது பேர் சிரித்தார்கள். சிரிக்காதவர் ஒருவர்தான்.

“விதி விதிதான்மா.”

“அப்ப நானும் நான்தான். பழைய மிஷினோடதான் வருவேன். முடிஞ்சா வெளியே தள்ளுங்க, பார்க்கலாம்.”

சொன்னதோடு நின்றிருந்தால் கதை அவள் இஷ்டப்படி போயிருக்கும். ஆனால் வீட்டில் ஒருவர் இருக்கிறாரே! வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். அப்படிப்பட்டவர்கள்தான் கேட்காமல் நல்லது செய்து கழுத்தை அறுப்பார்கள். விஷயத்தை அவர் மச்சானிடம் போட்டு உடைத்தார். தம்பியின் கடை வாசலில் ‘மூன்று வருஷம் ஆச்சா? உள்ளே வாங்க!’ என்று ஆளுயரப் பலகை தொங்குகிறது. ஊருக்கெல்லாம் மாற்றச் சொல்கிறவனுடைய சொந்த அக்கா வீட்டில் எட்டு வருஷப் பழசு ஓடுகிறது என்பது அவனுக்கு ரொம்ப நாளாகவே தொண்டையில் முள்.

வியாழக்கிழமை அவள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, கூடத்து மூலையில் கறுப்பாக ஒரு பெட்டி, உள்ளே நீலமும் சிவப்புமாக விளக்கு மின்ன உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் வீட்டுக்காரர், மறுபக்கம் தம்பி. இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு பூரிப்பு.

“பழசு எங்கடா?”

“பிரிச்சாச்சுக்கா. பழைய சாமான் எடுக்கறவர் மத்தியானமே கொண்டுபோயிட்டார்.”

“யாரைக் கேட்டுப் பிரிச்ச?”

“உன்னைக் கேட்டா நீ விடுவியா?” என்றான் தம்பி. பிறகு குரல் இறங்கியது. “அந்த டாக்டர் உன்னை நிஜமாவே எடுத்துடுவாரோன்னு பயந்துட்டேன்க்கா. அந்த ஞாயித்துக்கிழமைக்காக நீ வருஷம் பூரா காத்திருப்ப, எனக்குத் தெரியாதா?”

திட்டத்தான் வாயைத் திறந்தாள். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத் திட்டைத் தள்ளிவைத்தாள். உட்கார்ந்து மிஷினை ஓட்டிப் பார்த்தாள்.

அழகு என்றால் அப்படி ஓர் அழகு. இத்தனை வருஷம் வெறும் பச்சைத் தீற்றலாகத் தெரிந்ததெல்லாம் தனித்தனி மரங்களாக நின்றன. ஏரியில் மேகத்தின் நிழல் நகர்ந்தது. “எப்படி?” என்றான் தம்பி. அவள் மலையைச் சுற்றித் திரும்பினாள், ஓடுபாதையைப் பார்த்தாள், இறக்கினாள். விமானம் நேராக ஏரிக்குள் போனது.

மறுபடியும் எடுத்தாள். ஏரி. மறுபடியும். இந்த முறை மலை. ஆறு தடவை முயன்றதில் நாலு தடவை ஏரி, இரண்டு தடவை மலை. ஐந்து வருஷத்தில் ஒரு முறைகூட நனையாதவள் ஒரு சாயங்காலத்தில் நாலு முறை முங்கி எழுந்தாள். தம்பிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“மிஷின்ல ஒரு குறையும் இல்லையேக்கா!”

“அதான்டா குறை” என்றாள்.

விஷயம் இதுதான். கிரேனில் பெட்டி கயிற்றில் தொங்குகிறது. மேலே கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடும் வண்டியை நிறுத்தினால் கீழே பெட்டி உடனே நிற்காது, ஆடிக்கொண்டு முன்னால் போய்த்தான் நிற்கும். அதனால் நிற்க வேண்டிய நேரத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே கையை இழுக்க வேண்டும். எவ்வளவு முன்னதாக என்று யாரும் அளந்து சொல்வதில்லை. அரை மூச்சு என்பாள் அவள். பழைய கம்ப்யூட்டரும் அப்படித்தான். கைப்பிடியை இங்கே சாய்த்தால், திரையில் விமானம் அரை மூச்சு கழித்துத்தான் சாயும். மற்றவர்கள் அதைக் கோளாறு என்றார்கள். அவள் கைக்கு அது பிறந்த வீடு. புதிய மிஷினோ சொன்னதும் கேட்கிறது. கை எப்போதும்போல முந்துகிறது, விமானமும் கூடவே முந்திப்போய் ஏரியில் விழுகிறது.

“பழகிடும்க்கா.”

“பழகும். ஆறு மாசத்துல பழகும். ஞாயித்துக்கிழமை மூணு நாள்ல வருதுடா.”

வீட்டுக்காரர் மெதுவாக, “இந்த வருஷம் வேணும்னா வேற யாராவது இறக்கட்டுமே” என்றார். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவருக்கு உடனே வேனைத் துடைக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கூண்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு மனசு வேலையில் ஒட்டவில்லை. பெட்டியை லாரியில் வைத்துவிட்டு வெறும் கொக்கியோடு கப்பலுக்குத் திரும்பும்போது, கையை லேசாக அசைத்தாலே கொக்கி பறந்துவிடுகிறது. நேற்று விமானம் போனதும் இதே கதியில்தான். அடுத்த பெட்டி மாட்டியது. முப்பது டன். கை சாய்ந்தது, பெட்டி நிதானமாக அரை மூச்சு கழித்துக் கிளம்பியது. கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள்.

சனிக்கிழமை காலையில் தம்பியை வரச் சொன்னாள்.

“உன் மிஷினுக்குப் பாரம் பத்தலடா. ஏத்து.”

“என்னத்தை ஏத்தறது?”

“எல்லாத்தையும்.”

மேகத்தை முழு அளவுக்கு ஏற்றினார்கள். மரம், நிழல், அலை, ஓடுபாதை ஓரத்துப் புல், எல்லாவற்றையும் உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். மிஷின் அசைந்து கொடுக்கவில்லை. தம்பிக்கு உள்ளூரப் பெருமை. “பார்த்தியா என் மிஷினை?” என்றான்.

“உன் கல்யாண வீடியோ இருக்குல்ல, நாலு மணி நேரம் ஓடுமே, அது எங்க?”

“அது எதுக்குக்கா?”

“அதைச் சின்னதாக்கற வேலையைப் பின்னாடி ஓட விடு.”

ஓட விட்டான். மிஷின் லேசாக முனகியது. இன்னொரு பிரதியை ஓட விடச் சொன்னாள். அப்புறம் இன்னொன்று. மூன்று கல்யாணம் ஒரே நேரத்தில் நடந்ததில் உள்ளே இருந்த காற்றாடிகள் அலற ஆரம்பித்தன. அவள் கைப்பிடியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை தன் திரையை மற்றவர்களுக்கு அனுப்புவதும் ஒரு பாரம்தானே என்று, அதையும் வீட்டுக்காரர் போனுக்கு அனுப்பிச் சோதித்தாள். அதில் தாமதம் அரை மூச்சையும் தாண்டிவிடவே, கடைசியில் மரங்களில் பாதியைக் குறைத்ததும் கையும் விமானமும் ஒத்துப்போயின.

“வந்துடுச்சு” என்றாள்.

“ஐயோ, புது மிஷின்க்கா! இப்படியா கழுத்தைப் பிடிச்சு நெரிப்ப? நொடிக்கு நூறு படம் காட்டற மிஷின், பதினாலுதான் காட்டுது!”

“காட்டினது போதும். இறங்குதா பாரு.”

இறங்கியது. முதல் தடவையே. தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஆறாவது கட்டம் வந்தது. பல் டாக்டர் எல்லோரும் கேட்கும்படி, “மிஷினுக்கு என்னம்மா வயசு?” என்றார்.

“மூணு நாள்.”

“ரொம்ப சந்தோஷம்! வாங்க வழிக்கு” என்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள், அவர் தொழிலுக்கு அது ஆகாது என்றாலும்.

பக்கவாட்டுக் காற்று பலமாக இருந்தது. மலையைச் சுற்றியபோது யாரோ, “படம் விட்டு விட்டு வருது, நெட் சரியில்லையோ?” என்று கேட்டார்கள். யாரோ அவரை அதட்டி அடக்கினார்கள். ஓடுபாதை தெரிந்தது. காற்று மூக்கை ஏரிப் பக்கம் தள்ளியது. தள்ளப்போகிறது என்று கை முன்பே அறிந்து எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. அரை மூச்சு கழித்து விமானமும் சாய்ந்தது. சக்கரம் கோட்டின் மேல் பட்டு, உருண்டு, ஓடுபாதை முடிய ஒரு விமான நீளம் மீதி இருக்கும்போது நின்றது.

ஹெட்போனே கிழிந்துவிடும்போல் கத்தினார்கள். அந்தச் சத்தத்துக்கு மேல் பல் டாக்டரின் குரல் எழுந்தது. “பார்த்தீங்களா? இதைத்தான் நான் அன்னிக்கே சொன்னேன். புது மிஷின்னா புது மிஷின்தான். எப்படி இறக்குச்சு பாருங்க!”

இறக்குச்சு என்றார். இறக்கினீங்க என்று சொல்லவில்லை.

வீட்டுக்காரர் போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கதவோரம் நின்ற தம்பி உதட்டில் விரலை வைத்து, ‘பேசாதே’ என்று சைகை காட்டினான். அவன் சொல்வதும் நியாயம்தான். வாயை மூடிக்கொண்டால் அடுத்த வருஷமும் இடம் நிச்சயம். திறந்தால், மிஷினை இப்படிப் பாடாய்ப் படுத்தியவள் என்று இன்னொரு விதி வரலாம். வந்தால் அவளுக்கு இருந்த ஒரே இருபது விநாடியும் போய்விடும். கிரேன்காரிக்கு இது புரியாமல் இல்லை. ஆனால் இன்று இறக்கியது புது மிஷின் என்றால், ஐந்து வருஷம் இறக்கியது பழைய மிஷின் என்று ஆகிறது. அப்புறம் அவள் எதற்கு?

“டாக்டர், இந்த மிஷின் நொடிக்கு எத்தனை படம் காட்டுதுன்னு கேளுங்க.”

“எத்தனை?”

“பதினாலு. பின்னாடி என் தம்பி கல்யாணம் மூணு தடவை நடந்துட்டிருக்கு. நான்தான் பாரம் ஏத்தி மெதுவாக்கினேன். வேகமா ஓட விட்டப்போ நாலு தடவை ஏரியில விழுந்தேன்.”

தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

“அப்படின்னா நீங்க விதியை...” என்று ஆரம்பித்தார் பல் டாக்டர்.

“மீறல. மிஷின் வயசு மூணு நாள். நீங்க கேட்டதுக்குப் பதில் சொன்னேன். இப்ப நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க. வருஷா வருஷம் மாத்தறீங்களே, இந்த இடத்துல ஒருதடவையாவது இறக்கியிருக்கீங்களா?”

அவர் மோசமான மனிதர் இல்லை. பொய் சொல்லத் தெரியாதவர் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

“பதினோரு தடவை முயற்சி பண்ணியிருக்கேன்.”

“எங்க போய் நின்னுது?”

“ஏரியிலதான்” என்றார்.

யாரோ அடக்க முடியாமல் களுக்கென்று சிரித்தார்கள். முதல் கட்டம் ஓட்டிய தபால்காரர் மட்டும் உண்மையான சந்தேகத்தோடு கேட்டார். “அப்ப எத்தனை வருஷத்துக்கு ஒருதடவைதான் மாத்தணும் அக்கா?”

“இறக்க முடியாம போற அன்னிக்கு மாத்துங்க. அதுக்கு முன்னாடி யாராவது மாத்துன்னு சொன்னா, அவங்களை முதல்ல இறக்கிக் காட்டச் சொல்லுங்க.”

பல் டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். தலைவர் என்ற முறையில் அடுத்த வருஷத்துக்கான பெயர்களை அன்றே குறித்துக்கொள்வது அவர் வழக்கம். முதல் ஐந்து கட்டத்துக்கும் கேட்டார், போட்டி போட்டுக்கொண்டு பெயர் கொடுத்தார்கள். கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது அவர் குரல் கொஞ்சம் தணிந்திருந்தது.

“இதுக்கு வேற யாராவது?”

இருபத்தொரு ஹெட்போனிலும் ஒரு சத்தமும் இல்லை.