என் எடைக்குச் சிங்கம்

எனக்குக் காய்ச்சல் இறங்கினால் என் எடைக்கு எடை சிங்கம் தருவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் வெல்லம் என்று வேண்டிக்கொள்வார்கள். அம்மாவுக்கு அவசரத்தில் சிங்கம்தான் வாயில் வந்தது. காய்ச்சல் இறங்கிவிட்டது.

துலாபாரத்துக்கு நாங்கள் போனபோது சிங்கம் முன்னமே வந்து வரிசையில் நின்றது. குளித்திருந்தது. பிடரியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

கோயில் கணக்கர் ஆவுடையப்பன் அதைச் சுற்றிவந்து பார்த்தார்.

"காடா, கூண்டா?"

"காடு," என்றது சிங்கம்.

"நல்லது. கூண்டுல கெடக்கது உக்காந்து தின்னு ஊதிப் போயிருக்கும். சாமிக்கு ஆவாது. எடை?"

"நூத்தி எழுவத்தஞ்சு. பிடரி ஈரம் நீங்கலா."

என் எடை முப்பத்தெட்டு. அதை யாரும் கேட்கவில்லை. பார்த்தாலே தெரியும்.

கணக்கர் விதியைச் சொன்னார். யாருடைய தட்டு இறங்குகிறதோ அவர் அம்மாவோடு வீட்டுக்குப் போகலாம். மற்றவர் கோயிலிலேயே தங்கிவிட வேண்டும்.

அப்பாவின் அக்கா சண்முகக்கனி அத்தை வேடிக்கை பார்க்க வந்திருந்தாள்.

"ஏட்டி முப்பிடாதி, ஒன்னைய ஃபேனுக்குக் கீழ வச்சாலே பறந்திருவ. சிங்கம் வந்தா வாசலுக்குக் காவலாவது ஆச்சு."

"சும்மா இருங்க மைனி," என்றாள் அம்மா. என் கையை அவள் விடவில்லை.

நான் பதில் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்திலும் சொன்னதில்லை. அதனால்தான் படிப்பு நின்றது.

முதலில் நீளம் அளந்தார்கள். கணக்கர் சிங்கத்தின் மூக்கில் டேப்பை வைத்துவிட்டு வாலை நோக்கி நடந்தார்.

"வாலையுமா சேக்கீங்க?" என்று கேட்டாள் அம்மா.

"வாலோட சேத்துதான் நீளம்."

"அப்ப எம்மவ சடையையும் சேருங்க."

கணக்கர் யோசித்தார். நியாயம் என்றார். என் சடையின் நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவர் நடக்க நடக்கப் பிரகாரம் நீண்டது. மூலை திரும்பி மறைந்தார். சடை இன்னும் போய்க்கொண்டிருந்தது.

சிங்கம் எட்டிப் பார்த்தது. "நல்ல அடர்த்தி," என்றது.

திரும்பி வந்த கணக்கருக்கு மூச்சு வாங்கியது.

"கடைசியா எப்ப சாப்பிட்ட?" என்று சிங்கத்திடம் கேட்டார்.

"நேத்து. பாதி மாடு."

"முப்பது கிலோ கழியும். வயித்துல கெடக்கது ஒடம்பு இல்ல."

சிங்கம் வாதாடவில்லை. எங்கேயும் அப்படித்தான் கழிக்கிறார்கள் என்றது.

"பிள்ளை?"

"ரெண்டு இட்லி," என்றாள் அம்மா.

"அதுவும் கழியும். வேற ஏதும் உள்ள கெடக்கா?"

அம்மா தயங்கினாள். "பேசாம வச்சிருக்க பேச்சு கெடக்கு. சின்னதுலருந்து."

"அது செரிக்காது. ஒடம்புலதான் சேரும்."

ஏறி உட்கார்ந்தோம். சங்கிலி முனகியது. ஒரு தட்டு இறங்கிக் கல்தரையில் உட்கார்ந்தது. என் தட்டு.

சிங்கம் மேலே கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தது.

"சிங்கத்தோட தட்டு கொறையுதே," என்றார் கணக்கர். "நேர்த்தின்னா சமமா நிக்கணும்லா."

சிங்கம் அத்தையைப் பார்த்தது. "ஒரு கை குடுங்கம்மா."

ஏணி கொண்டுவந்தார்கள். அத்தை மூக்குக்கண்ணாடியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சிங்கத்தின் தட்டில் ஏறினாள். என் தட்டு அசையவில்லை. கணக்கர் ஏறினார். வரிசையில் நின்றவர்கள் தங்கள் வெல்லத்தோடு ஏறினார்கள். என் தட்டு தரையிலேயே இருந்தது.

"போதும்ட்டி. எறங்குதியா? வீட்டுக்குப் போவோம்," என்றாள் அம்மா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாய் திறந்தால் எடை குறையும். மேலே இருப்பவர்கள் மொத்தமாக விழுவார்கள். அத்தை சங்கிலியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்திருக்கேன்," என்றேன்.

உரக்கத்தான் சொன்னேன். பிரகாரத்தின் கடைசி வரை கேட்டது.

தட்டு அசையவில்லை.

மேலிருந்து சிங்கம் ஒருமுறை தலை தாழ்த்தியது. அம்மா என் சடையைச் சுற்றிச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.