மூன்றாவது பட்டன்

தென்காசிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், பழைய பெண்கள் விடுதியான வைகை, புதிதாகக் கட்டி முடித்த பவானி விடுதியை ராகிங் செய்துகொண்டிருந்தது. ராகிங் குற்றம் என்று எழுதிய பலகை வைகையின் நெற்றியில்தான் மாட்டியிருந்தது.

பவானியின் ஜன்னல்கள் எல்லாம் தரையைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் வார்டன் ஜெபராணிக்கு விஷயம் புரிந்தது. ஜூனியர்கள் சீனியர் முகத்தைப் பார்க்கக் கூடாது, குனிந்து தன் சட்டையின் மூன்றாவது பட்டனைத்தான் பார்க்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். சட்டை இல்லாத பவானி, பாவம், தன் மூன்றாவது மாடியைப் பார்த்துக் குனிந்து நின்றது. உள்ளே பெண்களின் கட்டில்கள் ஒரே பக்கமாக வழுக்கின. அவர்கள் கட்டில் காலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்துவிட்டுப் பரீட்சைக்குப் படித்தார்கள்.

ஜெபராணி கேட்டதற்கு, சும்மா விளையாட்டுக்குத்தான் என்று பவானி மழுப்பியது. ஆனால் கோடையிலும் அதன் சுவர்களில் ஈரம் கசிந்தது. ஜெபராணி அதைக் கையால் துடைத்துவிட்டாள். பவானி சிமெண்ட் மணத்தோடு நின்ற நாட்களில் சுவர் காயாமல் தண்ணீர் ஊற்றியவள் அவள்.

திங்கட்கிழமை காலை பவானி, தண்ணீர்த் தொட்டியைத் தலையில் சுமந்துகொண்டு கல்லூரி வாசலில் பஸ்ஸுக்கு நின்றது. உள்ளே பெண்கள் பல் துலக்கிக்கொண்டிருந்தார்கள்.

"டி.சி. குடுத்துருங்க மேடம். நான் ஊருக்குப் போறேன்," என்றது ஜெபராணியிடம்.

பஸ் வருவதற்குள் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று ஜெபராணி வைகையிடம் விறுவிறுவென்று போனாள். வைகையின் ஜன்னல்களும் தரையைத்தான் பார்த்தன. கட்டிய இன்ஜினீயரின் லட்சணம் அவ்வளவுதான் என்று இத்தனை வருடமாக எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"எனக்கு முன்னாடி கட்டுன லைப்ரரி அக்காதான் என்னையக் குனியச் சொன்னாங்க மேடம்," என்றது வைகை. "நிமிருன்னு இன்னும் யாரும் சொல்லல."

ஜெபராணிக்கு வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. பாசம்தான் மிஞ்சியது. அதன் தூணைத் தடவிக்கொடுத்தாள்.

"போதும்மா. நிமிரு."

வைகை கடகடவென்று நிமிர்ந்தது. பிறகு நேராக வாசலுக்குப் போய், பவானியின் தலையிலிருந்த தொட்டியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, வா போகலாம் என்றது. பவானி முதல்முறையாக அதன் முகத்தைப் பார்த்தது. பஸ் வந்து, ஆளில்லாமல் போயிற்று.

அன்று இரண்டு விடுதிகளின் ஜன்னல்களிலிருந்தும் எதிரே மலை தெரிந்தது. மலை தலை குனிந்து நின்றது. யார் அதை அப்படி நிற்கச் சொன்னது என்று விசாரித்துவர, ஜெபராணி குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.