கடலுக்குத் தெரியாத பாஷை

சம்பூர்ணத்தின் குப்பத்தில் கடலுக்குப் போகிறவனை வாய்விட்டுப் புகழக்கூடாது. வலை கிழிய வஞ்சிரம் வந்திருந்தாலும், "இன்னா, குப்பையா வந்துகீது?" என்றுதான் கேட்பார்கள். புகழ்ந்தால் கடலின் காதில் விழுந்துவிடுமாம். இவன் நல்லவன் என்று தெரிந்தால் அது தனக்கென்று வைத்துக்கொள்ளுமாம். அதனால் சம்பூர்ணமும் கல்யாணமான நாளிலிருந்து புருஷன் தணிகைவேலைக் கரிமூஞ்சி, தண்டச்சோறு என்று ஆசை ஆசையாகத் திட்டிக்கொண்டிருந்தாள். அவனுக்கும் அந்தத் திட்டு போதுமானதாகத்தான் இருந்தது, அந்தப் பாழாய்ப்போன கார்கள் வரும்வரை.

மகாபலிபுரத்துக் கோயிலைப் பார்க்க மெட்ராஸிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைக்காரர்கள் காரில் வருவார்கள். கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு பாறை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் அடியில் ஒரு பள்ளம். அலை ஏறி வந்து பள்ளம் நிரம்பும் நேரம் பார்த்துக் குதித்தால் தண்ணீர், கொஞ்சம் பிந்தினால் வெறும் கல். ஒருநாள் தணிகைவேல் விளையாட்டாகக் குதித்து எழுந்தான். கரையில் நின்ற வெள்ளைக்காரக் கூட்டம் கைதட்டிக் கூத்தாடியது. "பிராவோ! வெல் டன்! வொண்டர்புல்!"

சொட்டச் சொட்ட ஓடினான் சுலைமான் பாயின் சோடாக் கடைக்கு. பாய் கோவளத்துக்காரர், சின்ன வயதில் கப்பலில் சமையல் வேலை பார்த்து நாலு தேசம் சுற்றியவர்.

"பாய், பிராவோன்னா இன்னா?"

"ஆம்பள சிங்கம்டா நீன்னு சொல்றான்."

"வெல் டன்?"

"பிரமாதமா செஞ்சுட்டியாம்."

"அப்ப வொண்டர்புல்?"

"அதிசயமாம்டா! ஒன்னியப் போய்!" என்று சிரித்தார் பாய்.

தணிகைவேலின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்! பெற்ற தகப்பன்கூட அவனைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. சொல்லாததற்குக் காரணம் தெரிந்தால் மட்டும் ஏக்கம் போய்விடுமா? அதன்பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறவில்லை. வெள்ளைக்காரர்கள் வீசுகிற சில்லறையைச் சம்பூர்ணத்தின் மடியில் போட்டுவிடுவான். வார்த்தைகளைத் தனக்கென்று வைத்துக்கொள்வான். தூண்டில் கட்டும்போதும் துணி அலசும்போதும் "வெல் டன், வெல் டன்" என்று தனக்குத்தானே முனகுவான்.

சம்பூர்ணம் அவன் கையிலிருந்த தூண்டிலைப் பிடுங்கினாள்.

"யோவ், ஊரே வாயக் கட்டிகினு கீது. நீ இன்னாடான்னா புகழ்ச்சிய வாங்கி வாங்கி மேல பூசிக்கினு வர்றியே!"

"போமே! அது இங்கிலீசு. கடலுக்கு இன்னா, இங்கிலீசா தெரியும்?"

குப்பத்து ஆட்களும் அதையே சொன்னார்கள். நம் பாஷையில் சொன்னால்தான் ஆபத்து, துரை பாஷை காற்றோடு போய்விடும் என்று. சம்பூர்ணம் பாயிடம் போய் நின்றாள். அவர் துடைத்துக்கொண்டிருந்த சோடா பாட்டிலைக் கீழே வைத்தார்.

"எங்காளுங்க ஒருத்தரப் பாராட்டுனா கூடவே மாஷா அல்லாஹ்ன்னு சொல்லிடுவோம் தங்கச்சி, கண்ணு படாம இருக்க. இவனுங்க மொட்டையா சொல்லிட்டு கார்ல ஏறிப் போயிடறானுங்க. எனக்கே அது புடிக்கல."

அதைக் கேட்டபின் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தணிகைவேலோ வேறு கவலையில் இருந்தான். ஒருநாள் கஞ்சி குடிக்கும்போது தலையைத் தூக்காமல் கேட்டான்.

"எவன் எவனோ சொல்றான். நீ ஒரு வாட்டி சொன்னா இன்னாமே? இங்கிலீசுலயே சொல்லேன்."

"சீ, வாயக் கழுவு!" என்று சீறினாள். ஆனாலும் அந்த 'பிராவோ' அவள் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது. அம்மியில் மிளகாய் அரைக்கையில் யாரும் பக்கத்தில் இல்லாதபோது உதட்டை மட்டும் அசைத்துப் பார்த்தாள்.

ஐப்பசி பிறந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை கடல் கலங்கி, சாம்பல் கரைத்தாற்போலக் கிடந்தது. வாடைக்காற்று மணலை வாரி இறைத்தது. குப்பத்தில் ஒருவனும் கட்டுமரத்தைக் கடலில் தள்ளவில்லை. கார் மட்டும் வந்துவிட்டது.

சம்பூர்ணம் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அவன் பாறைமேல் நின்றான். "வேணாய்யா! எறங்குய்யா!" என்று அவள் கத்தியதைக் காற்று கொண்டுபோயிற்று. அலை ஏறியது, குதித்தான். அவன் எழுந்தான். தோள் கல்லில் உரசி ரத்தம் வழிந்தது.

"பிராவோ! ஒன்ஸ் மோர்!"

அவன் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக அவளிடம் வந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் நின்றான்.

"எப்டிமே கீது?"

உயிரோடு வந்துவிட்டான், சாமி! இத்தனை வருஷமும் திட்டாகவே கொடுத்த ஆசை முழுவதும் அவளுக்கு நெஞ்சில் முட்டிக்கொண்டு வந்தது. ஒரே ஒரு தடவைதானே. கடலுக்குத்தான் இங்கிலீசு தெரியாதே.

"பிராவோய்யா," என்றாள்.

அவன் கண் நிறைந்துவிட்டது. "இன்னொரு வாட்டி பாருமே, உனக்கோசரம்!" என்று திரும்பி ஓடினான். ஐயோ என்று எட்டிப் பிடித்தாள், கையில் ஈரம்தான் மிஞ்சியது. பாறையின் நுனியில் நின்று அவன் அலையைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தான். சிரித்தான். பள்ளத்திலிருந்த தண்ணீர் வடிந்து இறங்கும் நேரம் அவன் குதித்தான்.

அடுத்த அலை வந்து பள்ளத்தை மூடியது. அதற்கடுத்ததும் வந்தது. அவன் மூச்சடக்கி வேடிக்கை காட்டுகிறான் என்று நினைத்து, கூட்டத்தில் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரி காமிராவைத் தூக்கிப் பிடித்தாள். "வொண்டர்புல்!" என்றார்கள். சோடாக் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுச் சுலைமான் பாய், "நிறுத்துங்கடா, நிறுத்துங்க!" என்று தமிழில் கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

சம்பூர்ணம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டாள். இரண்டு கையாலும் கடலை அடித்தாள்.

"அவன் கரிமூஞ்சி! தண்டச்சோறு! ஒண்ணுத்துக்கும் ஒதவாதவன்! நான் தெரியாம சொல்ட்டேன், அவன் ஒனக்கு வேணாம், குடுத்துடு! குடுத்துடு!"

கரையில் இன்னும் யாரோ கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.