மனசு மாறியது செவ்வாய்க்கிழமை

ஞாயிற்றுக்கிழமை காலையில் வயலுக்குப் போன கலைச்செல்வி வரப்பிலேயே நின்றுவிட்டாள். கொழுந்தன் பூமிநாதனின் வயலில் உரத்துக்காக முந்நூறு செம்மறிகள் கிடை கிடந்தன. இரண்டு நாள் முன்பே விதைத்திருக்க வேண்டிய வயல் அது.

அபிராமத்துப் பக்கம் மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். ஆனால் யாரும் தனியாக விதைக்க மாட்டார்கள். விதைத்தால் ஊர்ப்பட்ட மயிலும் ஆடும் அந்த ஒரு வயலில்தான் வந்து விழும். "வெள்ளிக்கெழம ரெண்டு பேரும் சேந்தே வெதச்சிருவோம் மதினி" என்று நாள் குறித்தவனே பூமிநாதன்தான். புருஷன் போனபின் அவளுக்கு வயல்காட்டில் வேறு துணை ஏது? அந்தப் பேச்சை நம்பி, வீட்டிலிருந்த விதைநெல் மொத்தத்தையும் வெள்ளிக்கிழமை மண்ணில் போட்டுவிட்டாள். தன் வயலுக்கு டிராக்டர் மத்தியானம் வரும் என்றிருந்தான் அவன்.

கிடைக்காரர் செல்லச்சாமி பட்டியை அவிழ்த்துக்கொண்டே சொன்னார். "செவ்வாக்கெழமயே கெடைக்குச் சொல்லிட்டாரேம்மா. ஒங்களுக்குத் தெரியாதா?"

செவ்வாய்க்கிழமையே! வெள்ளிக்கிழமை காலையில், கைராசிக்காரன் என்று அவள் கூப்பிட்டதும் வந்து, செருப்பைக் கழற்றி, கிழக்கே கும்பிட்டு, அவள் வயலில் முதல் பிடி விதையை வீசியவன் அவன்தான். நல்லா வெளையும் மதினி என்று வாழ்த்தினான், பாவி.

பூமிநாதன் பைக்கை நிறுத்திவிட்டு வந்தான்.

"மழ தள்ளிப் போகும்னு போன்ல போட்டுருந்தான் மதினி. அதான் மனச மாத்திக்கிட்டேன்."

"மாத்திக்க தம்பி. ஒன் நெலம், ஒன் மனசு. ஒரு வார்த்த சொல்லிருந்தா நானும் மாத்திருப்பேன்ல?"

அவன் தரையைப் பார்த்தான். "ஒங்க வயல்ல மொளைக்குதான்னு பாத்துக்கிட்டு, பெறகு வெதைக்கலாம்னு..."

வாய் தவறி வந்துவிட்டது. அவனும் அதை உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அப்படியானால் அவள் வயல்தான் அவனுக்குச் சோதனை வயல். மனசை எத்தனை முறையும் மாற்றிக்கொள்ளலாம். புழுதியில் கலந்த நெல்லை எப்படிப் பொறுக்கி எடுப்பது? இனி மழை வந்தாலும் வராவிட்டாலும் இந்த விதையைக் காப்பதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை.

கண்மாய்க்கரையில் வெட்டிக் கிடந்த கருவேல முள்ளை இழுத்து வந்தாள். அண்ணன் தம்பி வயலுக்கு நடுவே அந்த ஊரில் யாரும் முள் அடைப்பதில்லை. அடைத்தால் உறவு முடிந்தது என்று அர்த்தம்.

"வேணாம் மதினி. ஊர் பாக்குது."

பொது வரப்பில் முள்ளைப் போட்டு, செருப்புக்காலால் மிதித்து அமுக்கிவிட்டு, அவள் அடுத்த முள்ளை இழுக்கப் போனாள்.