துப்பத் தெரிந்த பிள்ளை

இரண்டரை வயதுப் பிள்ளைக்குப் பல் தேய்க்கச் சொல்லிக்கொடுப்பது பெரிய காரியமில்லை. பிரஷைக் கையில் கொடுத்தால் தானே வாய்க்குள் விட்டுக்கொள்ளும், கடித்து நாராக்கவும் செய்யும். துப்பச் சொல்லிக்கொடுப்பதுதான் பெரும்பாடு. பிறந்த நாளிலிருந்து எதைக் கொடுத்தாலும் விழுங்கு விழுங்கு என்று பழக்கிவிட்டு, இதை மட்டும் விழுங்காதே என்றால் பாவம், அதற்கு என்ன புரியும்?

எடில்மா தன் வீட்டு முன்னறையில் பன்னிரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். தலைநகர் பொகோட்டாவுக்கு மேற்கே, பூப்பண்ணைகளுக்கு நடுவில் இருக்கும் குளிர் ஊர் அது. தாய்மார்கள் விடியலில் பண்ணை பஸ் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார்கள். மதியம் உருளைக்கிழங்கு சூப் குடித்து முடித்ததும் எடில்மா தண்ணீரை வெதுவெதுப்பாகச் சுடவைத்து, பிள்ளைகளைக் கொல்லைக் குழாயடியில் வரிசையாக நிறுத்துவாள். ஆளுக்கு அரிசி மணி அளவு பற்பசை. பதினொரு பேர் துப்பிவிடுவார்கள். யெர்சன் மட்டும் சப்புக்கொட்டி விழுங்கிவிட்டு, இன்னும் வேண்டும் என்று பிரஷை நீட்டுவான். வெல்லத் தண்ணீர்ப் புட்டியோடு தூங்கிப் பழகியவன். முன்பற்கள் நான்கும் ஏற்கெனவே பழுப்பேறியிருந்தன.

ஒருநாள் கமலா ஆரஞ்சு தின்னும்போது அவன் வாயிலிருந்து ஒரு கொட்டை நழுவி, கீழே இருந்த தகரப் பேசினில் ‘டிங்’ என்று விழுந்தது. யெர்சன் குனிந்து பேசினைப் பார்த்தான். அடுத்த கொட்டையை வேண்டுமென்றே துப்பினான். எடில்மா அந்த விளையாட்டையே பிடித்துக்கொண்டாள். ஒன்பது நாள் ஆரஞ்சு உரித்தாள். பத்தாம் நாள் அவன் பற்பசை நுரையைப் பேசினில் துப்பினான். நுரைக்கு ஓசை ஏது? அவளே கரண்டியால் பேசினைத் தட்டி ‘டிங்’ கொடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் யெர்சனின் மாமன் குழந்தைக்கு ஞானஸ்நானம். சாமியார் வெள்ளிக் கிண்ணத்தில் தண்ணீரோடு நின்றார். தாய் மார்லேனியின் இடுப்பில் இருந்த யெர்சன் எட்டிப் பார்த்தான். கிண்ணம் பளபளத்தது. குறி தப்பவில்லை.

திங்கட்கிழமை காலை மார்லேனி பிள்ளை இல்லாமல் வாசலில் வந்து நின்றாள்.

“எங்கம்மா அவன்? காய்ச்சலா?”

“காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. இனிமே வரமாட்டான். தீர்த்தத்துல துப்பிட்டான்க்கா, அத்தனை பேர் முன்னாடி. துப்பிட்டு ‘டிங்’னு வேற கத்துறான்.”

எடில்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்குவதற்குள் மார்லேனி பார்த்துவிட்டாள்.

“சிரிங்க, நல்லா சிரிங்க. எங்க அண்ணி அப்பவே சொன்னா. அல்லேலூயாக்காரி வீட்டுல புள்ளைய விடுறியே, நம்ம கோயில்லயே துப்ப வைப்பா பாருன்னு.”

“ஐயோ, நான் பேஸ்ட்டைத் துப்பத்தானே சொல்லிக்குடுத்தேன்!”

“நல்லாத்தான் சொல்லிக்குடுத்தீங்க.” பஸ் ஹாரன் கேட்டது. மார்லேனி ஓடிவிட்டாள்.

பதினொரு வருஷத்துக்கு முன் எடில்மா அந்தக் கோயிலை விட்டு, பழைய லாரி ஷெட்டில் நடக்கும் ஜெபக்கூட்டத்துக்கு மாறியவள். ஊர் அதை மறக்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை, இப்படிப் பிள்ளை பார்க்கும் வீடுகளுக்குப் பணம் தரும் அரசாங்கத்தின் மேற்பார்வைக்காரி தலை எண்ண வருவாள். பன்னிரண்டில் ஒன்று குறைந்தாலும் எடில்மா வீட்டை மூடி, பிள்ளைகளை வேறு வீடுகளுக்குப் பிரித்துவிடுவார்கள்.

செவ்வாய் சாயங்காலம் இரண்டு ஆரஞ்சுகளை எடுத்துக்கொண்டு மார்லேனி வீட்டுக்குப் போனாள். மார்லேனியும் அவள் அண்ணி, ஞானஸ்நானக் குழந்தையின் தாய் ஃபபியோலாவும் அடுப்படியில் நின்றிருந்தார்கள். யெர்சன் வெல்லத் தண்ணீர்ப் புட்டியும் கையுமாகத் தரையில் கிடந்தான்.

“எதுக்கு வந்தீங்க? மிச்சத் தீர்த்தம் எங்க இருக்குன்னு பாக்கவா?” என்றாள் ஃபபியோலா.

“ஒரு நிமிஷம் பொறு தாயி. அவனுக்குத் தீர்த்தமும் தெரியாது, கோயிலும் தெரியாது. கண்ணால பாரு.”

ஒரு சுளையை அவனுக்கு ஊட்டிவிட்டு, பிளாஸ்டிக் கிண்ணத்தை நீட்டினாள். யெர்சன் கிண்ணத்தைப் பார்த்தான், கொட்டையோடு விழுங்கினான். மண்சட்டியை நீட்டினாள். அதற்கும் விழுங்கினான். மூன்றாவது சுளைக்கு அவன் யாருக்கும் காத்திருக்கவில்லை. முக்காலியில் ஏறி, ஆறவைத்திருந்த பளபளப்பான அலுமினியப் பாத்திரத்தில் துப்பினான். அதில் வீட்டில் எல்லாருக்குமான சாக்லேட் பானம் இருந்தது. ஓசை வராததால் தானே “டிங்!” என்றான்.

“பாழாப்போனவனே!” ஃபபியோலா கரண்டியைத் தூக்கினாள். மார்லேனி முந்தி அவனை வாரிக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

“அண்ணி, உங்க சாக்லேட்டும் தீர்த்தமும் இவனுக்கு ஒண்ணுதான் போல.”

“இந்த வீட்டுல இவனை நான் பாத்துக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.”

மார்லேனி சிரிப்பைத் துடைத்துக்கொண்டு எடில்மாவைப் பார்த்தாள். “நாளைக்குக் கூட்டிட்டு வரேன்க்கா. ஆனா ஞாயித்துக்கிழமை நீங்க பூசைக்கு வரணும். நான்தான் துப்பச் சொல்லிக்குடுத்தேன்னு எல்லார் முன்னாடியும் சாமியார்கிட்ட உங்க வாயாலயே சொல்லணும். என் புள்ளைய ஊரே சாத்தான் புடிச்சவன்னு பேசுது.”

“கோயிலுக்குள்ளயா?”

“பின்ன, குழாயடியிலயா?”

எடில்மா மிச்ச ஆரஞ்சை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு சரி என்றாள்.

தகரப் பேசின் பரணுக்குப் போனது. புதன் முதல் யெர்சனுக்குச் சாக்கடைத் துளையைக் காட்டி மறுபடி ஆரம்பித்தாள். மூன்று முறை விழுங்கினான், ஒருமுறை துப்பினான். வெள்ளிக்கிழமை மேற்பார்வைக்காரி பன்னிரண்டு எண்ணிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். அடுத்த எண்ணிக்கைக்கு ஒரு மாதம் இருந்தது. கோயிலுக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று எடில்மாவுக்குத் தோன்றாமல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு அவள் யெர்சனின் கையைப் பிடித்துக்கொண்டு கோயில் படியடியில் நின்றாள். மார்லேனி முன்னால் ஏறிப் போய்விட்டாள். எதிரே, ஜெபக்கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த பாஸ்டர் மனைவி வேதப்புத்தகத்தோடு நின்றுவிட்டாள்.

“சிஸ்டர், வழி மாறி வந்துட்டீங்களா?”

“இல்ல சிஸ்டர். புள்ளையோட பல் விஷயமா சாமியாரைப் பாக்கணும்.”

பாஸ்டர் மனைவி குனிந்து யெர்சனின் வாயைப் பார்த்தாள். உள்ளே மணி அடித்தது. எடில்மா ஒரு பிளாஸ்டிக் டம்ளரை யெர்சனின் தாடைக்குக் கீழே பிடித்தபடி படியேறினாள்.