ஆப்பிரிக்கா யானையும் சானமாவு யானையும்

நஞ்சம்மாவுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வரும் புருஷன் ஆஞ்சப்பன், கைகால் கழுவியதும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவான். தமிழில் பேசும் மிருக சேனல். ஆப்பிரிக்காவில் ஏதோ சதுப்பு நிலமாம். நீர்யானை கொட்டாவி விடும், பூநாரை ஒற்றைக் காலில் நிற்கும், யானைக் கூட்டம் பிளிறிக்கொண்டு தண்ணீரில் இறங்கும். போனஸ் வந்ததும் பெரிய ஸ்பீக்கர் வேறு வாங்கி மாட்டியிருந்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

சானமாவு காட்டை ஒட்டிய ஊர். கேழ்வரகு முற்றும் மாதத்தில் யானை பிளிறினால், யார் வயலானாலும் சரி, ஊரே தகரமும் பட்டாசுமாக ஓடி வரவேண்டும். முந்தாநாள் அப்படித்தான் பக்கத்து வீட்டு நாராயணப்பன் ஆட்களோடு எச்சில் கையுடன் ஓடி வந்தார். பார்த்தால் டிவியில் யானை குளித்துக்கொண்டிருந்தது. நேற்றும் அதே கூத்து.

"இன்னிமே உங்க ஊட்டுச் சத்தத்துக்கு ஒருத்தரும் வரமாட்டோம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"கொறச்சு வைய்யா" என்று அவளும் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். செவிடன் காதில் ஊதிய சங்கு.

"சத்தம் இல்லன்னா யானைக்கு இன்னா மரியாத கீது?" என்றான்.

இன்று பொழுது சாயும் நேரம் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் தங்கள் வயலுக்குப் புல் அறுக்கப் போனவள் வரப்பிலேயே நின்றுவிட்டாள். அறுவடைக்கு நின்ற கேழ்வரகுக்குள் யானைகள், கூடவே ஒரு குட்டி. பிள்ளைகளுக்கு வருஷம் பூராவும் களி அதுதான். பதறிப்போய் வீட்டுக்கு ஓடினாள்.

"இரு நஞ்சா, குட்டி ஒண்ணு சேத்துல மாட்டிக்கிச்சு" என்றான் ஆஞ்சப்பன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். கண்ணில் தண்ணீர் வேறு.

"அங்க நம்ம சோத்துல மண்ணு உழுது. எந்திரிய்யா."

பிளக்கைப் பிடுங்கிவிட்டு அவனை வரப்புக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். தகரம் எடுக்கக்கூடத் தோன்றவில்லை. தாய் யானை திரும்பி, காடே அதிரப் பிளிறியது. நஞ்சம்மா தொண்டை கிழியக் கத்தினாள். நாராயணப்பன் வீட்டுக் கதவு திறந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

"டேய் ஆஞ்சப்பா, சத்தத்தக் கொறடா" என்றார் அவர் வாசலில் நின்றபடியே. "ஏம்மா நஞ்சம்மா, நீயும்தான். புருசன் பொஞ்சாதிக்கு தெனம் இதே ரோதன."

"அண்ணா, இது டிவி இல்லண்ணா" என்று ஆஞ்சப்பன் கதறினான். அதற்குள் யானை மறுபடி பிளிறியது. கதவு சாத்திக்கொண்டது.