பச்சை லேயர்

ஜுவைரியா கோப்பைத் திறந்ததும் பம்ப் மூடியின் படம் பச்சையும் சிவப்புமாகத் திரையில் விரிந்தது. பச்சை, கூட வேலை செய்யும் அன்புசெல்வன் போட்ட கோடுகள். சிவப்பு இவளுடையவை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருந்த அந்த வார்ப்புக் கம்பெனியின் டிசைன் ரூமில் அதுதான் வழக்கம். படத்தின் கோடுகளை அடுக்கடுக்காகப் பிரித்து வைக்கும் லேயர்களுக்கு மற்ற இடங்களில் மையக்கோடு, அளவுக்கோடு என்று கோட்டின் வேலையை வைத்துப் பெயரிடுவார்கள். இங்கே வரைந்த ஆளின் பெயர்தான். யார் கோடு என்று தெரிந்தால் யாரைத் திட்டுவது என்பதும் தெரிந்துவிடும் அல்லவா? அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் டிசைன் மேனேஜர் பரசுராமன். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அவர் பெயரில் மட்டும் லேயர் கிடையாது.

இப்போது ஜெர்மன்காரர்கள் ஆர்டர் கொடுத்திருந்தார்கள். கூடவே லேயர்களுக்கு ஆள் பெயர் கூடாது, கோட்டின் வேலைதான் பெயர், நிறமும் அதன்படிதான் என்றும் சொல்லிவிட்டார்கள். பழைய படங்களையெல்லாம் மாற்றும் வேலை ஜுவைரியாவின் தலையில் விழுந்தது.

"சாயங்காலம் பஸ்ஸு வர்றதுக்குள்ள முடிச்சிடும்மா" என்றார் பரசுராமன். "பம்ப் மூடிய நான் காத்தாலயே பாத்துட்டேன். தள்ளிப் போன ஹோலு பச்சையில கீது. அன்பு வேலதான். மேல சொல்லிட்டேன்."

மேலே சொன்னால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு துளையால் ஒரு லாரி மூடிகள் திரும்பி வந்து கேட்டுக்குப் பக்கத்தில் கொட்டிக் கிடந்தன. அன்பு இன்னும் காண்ட்ராக்ட்தான். இந்த மாதம் அவனை நிரந்தரம் ஆக்குவதாக இருந்தார்கள்.

துளையைப் போட்டது ஜுவைரியா. போன தை மாதம், எளாவூரில் தன் நிலத்துக்கு அறுப்பு மிஷின் வந்துவிட்டதென்று அன்பு பாதி நாள் லீவில் ஓடியிருந்தான். இவள் கணினி வைரஸில் படுத்துக் கிடந்தது. அவன் நாற்காலியில் உட்கார்ந்து, தன் பங்குக்கு மிச்சமிருந்த துளையைப் போட்டாள். லேயரை மாற்ற மறந்துவிட்டாள். எந்த லேயர் திறந்திருக்கிறதோ அதில்தான் கோடு விழும், உட்கார்ந்திருப்பது யார் என்று கணினிக்கு என்ன தெரியும்? வட்டம் பச்சையாக விழுந்ததைப் பார்க்கவும் பார்த்தாள். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று பஸ்ஸுக்கு எழுந்தாள். அளவைத் தப்பான ஓரத்திலிருந்து எடுத்திருந்தது இன்று காலைதான் அவளுக்கே தெரிந்தது.

வாய் திறந்தால் வேலை போகும். பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரம் செய்யும் வாப்பா சஹாபுதீன், அவளை இங்கே அனுப்பவே ஒரு வருடம் யோசித்தவர். வேலை போய் வீட்டுக்கு வந்தால் அவ்வளவு யோசிக்கமாட்டார், மாப்பிள்ளை பார்த்துவிடுவார். வாய் திறக்காவிட்டால் ஒரு சிரமமும் இல்லை. சொன்ன வேலையைச் செய்தால் போதும், பச்சையும் சிவப்பும் போய் மூடியின் ஓரமும் துளைகளும் ஒரே வெள்ளையாகிவிடும். அவளுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்குள் கொஞ்சம் நிம்மதியும் இருந்ததை நினைத்தபோது தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அன்பு டீ கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தான்.

"அண்ணா, அந்த ஹோலு நீங்க போட்டதா?"

"என் லேயர்ல கீதே. நான்தான் போட்டிருப்பேன்." அவன் திரையைப் பார்க்கவில்லை. "மொதல்ல ஞாபகமே இல்ல. காத்தாலேர்ந்து யோசிச்சிக்கினே இருந்தேனா, இப்ப எந்த ஓரத்துலேர்ந்து அளந்தேன்னுகூட ஞாபகம் வந்துடுச்சி."

டீ ஆடை கட்டி ஆறியது. அவள் ஒவ்வொரு படமாகத் திறந்து பெயர் மாற்றினாள். எது யாருடையது என்று பார்க்காமலே விரல்கள் வேலை செய்தன.

சாயங்காலம் பரசுராமன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். "முடிஞ்சிச்சா?"

"ஒண்ணு பாக்கி சார். நீங்க ஒரு தபா பாத்துட்டா மாத்திடுவேன்."

பம்ப் மூடியைத் திறந்தாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

"இன்னாம்மா இது? காத்தால பச்சையா இருந்துச்சே."

"நான்தான் சார் மாத்தினேன். அது என்னுது."

வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. வாசலில் ஒரு கால் வைத்திருந்த அன்பு திரும்பிப் பார்த்தான். பரசுராமன் குனிந்தது குனிந்தபடியே இருந்தார். மூடியின் ஓரம் முழுக்கப் பச்சைக் கோடுகள், அவற்றுக்கு நடுவே அந்த ஒரு துளை மட்டும் சிவப்பாக இருந்தது. அதன் மையத்தில் கர்சர் அசையாமல் நின்றது.